கசியும் வால்வை மறைக்க வேண்டாம்

 

"பிள்ளையின் இதய வால்வில் லீக் இருக்கிறதாம். வெளியே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்." கடலூரிலும் சிதம்பரத்திலும், அவற்றை அடுத்த பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களிலும் தாய்மார்கள் குரலைத் தாழ்த்தி இவ்வாறு கூறுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நோயைச் சொல்லும் சொல்லும், அதை மறைக்கச் சொல்லும் சொல்லும் ஒரே மூச்சில் வருகின்றன. இவ்விரண்டில் எது அதிகக் கேடு விளைவிக்கிறது என்பதை இம்மாதம் சற்றே சிந்திப்போம்.

இதை எழுதுபவன் மருத்துவன் அல்லன். மதரஸாவில் பாடம் நடத்துபவன். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் இந்த நோய் நம் தொழுகையையும் நோன்பையும் நிகாஹையும் தொடுகிறது. ஆகவே அதைப் பற்றிய தெளிவு ஒவ்வொரு முஸ்லிம் இல்லத்திலும் இருந்தாக வேண்டும்.

கதவும் கசிவும்

இதயத்துக்கு நான்கு வால்வுகள் உண்டு. அவை ஒருவழிக் கதவுகள். அவற்றுள் இதயத்தின் இடது கீழறைக்கும், அயோர்ட்டா எனப்படும் பெருந்தமனிக்கும் இடையே உள்ளது அயோர்ட்டிக் வால்வு. பிறை வடிவிலான மூன்று மெல்லிய இதழ்களால் ஆனது. இதயம் சுருங்கும்போது இவ்விதழ்கள் திறந்து இரத்தத்தை வெளியே விடுகின்றன. இதயம் விரியும்போது இறுக மூடிக்கொள்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை, நாம் உறங்கும்போதும் ஓயாமல் இது நடைபெறுகிறது. படைத்தவனின் ஆற்றலை எண்ணி வியக்க இந்த ஒன்றே போதும்.

நம் பகுதி விவசாயிகளுக்கு இதை விளக்குவது எளிது. கிணற்றில் இறக்கிய குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறது. அது பழுதானால் மேலே ஏறிய தண்ணீர் மீண்டும் கிணற்றுக்கே இறங்கிவிடும். மோட்டார் ஓடும், வயலுக்குத் தண்ணீர் வராது. அயோர்ட்டிக் வால்வு சரியாக மூடாதபோதும் இதுவே நிகழ்கிறது. வெளியே சென்ற இரத்தத்தில் ஒரு பகுதி இதயத்துக்கே திரும்பிவிடுகிறது. கசிவு கடுமையாக இருப்பின், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தில் பாதியோ அதற்கு மேலோ திரும்பி வரக்கூடும். அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க இடது கீழறை சிறிது சிறிதாக விரிவடைகிறது. அதன் தசை தடிக்கிறது.

இதை 'இதயத்தில் ஓட்டை' என்று சிலர் கூறுவது தவறு. ஓட்டை என்பது அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பிறவியிலேயே அமையும் துவாரம். கசிவு என்பது கதவின் கோளாறு. இரண்டும் வேறு, சிகிச்சையும் வேறு.

இந்த நோயின் அபாயம் அதன் மௌனத்தில் இருக்கிறது. இதயம் பல ஆண்டுகள் முணுமுணுக்காமல் அதிகப்படியான வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. தெரியத் தொடங்கும்போது தசை தளர்ந்து போயிருக்கலாம். சென்ற ரமலானில் இருபது ரக்அத் தராவீஹையும் நின்று தொழுதவர் இவ்வாண்டு எட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறாரா? ஸுஜூதிலிருந்து எழும்போது மூச்சு வாங்குகிறதா? ஒரு தலையணையில் உறங்கியவர் மூன்று தலையணை கேட்கிறாரா? நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது தமக்கே கேட்கிறது என்கிறாரா? வயது, அலுப்பு, கண்ணேறு என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். இரத்த அழுத்தம் பார்க்கும்போது மேல் எண் உயர்ந்தும் கீழ் எண் மிகத் தாழ்ந்தும், எடுத்துக்காட்டாக 160க்கு 50 என்று இருப்பதும் ஓர் அறிகுறியாகும். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் மருத்துவருக்கு ஐயம் எழும். எக்கோ பரிசோதனை உறுதி செய்யும். எக்கோவில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

தொண்டையில் தொடங்கும் தீங்கு

வால்வு ஏன் கெடுகிறது? நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குப் பிறவியிலேயே மூன்று இதழ்களுக்குப் பதிலாக இரண்டே அமைகின்றன. நீண்டகால இரத்தக் கொதிப்பு, முதுமை, பெருந்தமனி விரிவடைதல், வால்வில் கிருமி தொற்றுதல் ஆகியவையும் காரணங்களே. ஆனால் நம் நாட்டில் இளம் வயதினரின் வால்வுகளைக் கெடுப்பதில் முன்னிற்பது ருமாட்டிக் காய்ச்சல்.

பெரும்பாலும் 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையே இது தாக்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் முதலில் தொண்டை வலி வரும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும், முழங்கால், கணுக்கால், முழங்கை என்று இடம் மாறிச் செல்லும் மூட்டு வலியும் தோன்றும். மூட்டு வலி தடயமின்றிப் போய்விடும். பெற்றோர் நிம்மதி அடைவார்கள். ஆனால் கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை, இதய வால்வுகளையும் தாக்கிவிட்டுப் போயிருக்கும். மைட்ரல் வால்வே இதில் அதிகமாகப் பழுதாகிறது. அதற்கு அடுத்தது அயோர்ட்டிக் வால்வு.

நெருக்கமாக வாழும் இடங்களில் இக்கிருமி எளிதில் பரவும். ஒரே அறையில் பல பிள்ளைகள் உறங்கும் மதரஸா விடுதிகளும் யத்தீம்கானாக்களும் இதை நினைவிற்கொள்ள வேண்டும். ஹிஃப்ளு ஓதும் பிள்ளைக்குக் காய்ச்சலுடன் கடுமையான தொண்டை வலி என்றால் கஷாயத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களைப் பரிசோதிக்க 2013 முதல் தேசியச் சிறார் நலத் திட்டக் குழுவினர் வருகின்றனர். பள்ளிக்குச் செல்லாமல் முழுநேரம் ஓதும் பிள்ளைகள் அந்தப் பரிசோதனையைத் தவறவிட்டுவிடக் கூடாது. மதரஸா நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்துப் பிள்ளைகளின் நெஞ்சைச் சோதிக்கச் செய்வது பெரிய காரியமன்று.

ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மீண்டும் வராமல் தடுக்க 21 நாள்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறார்கள். விலை குறைந்த மருந்துதான். பல ஆண்டுகள் போட வேண்டியிருக்கும். வால்வு பழுதாகியிருந்தால் 40 வயது வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் தொடரும். "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு வீண் ஊசி?" என்று நிறுத்திவிடுவதே நம் வீடுகளில் நடக்கும் பெருந்தவறு. பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும், மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போவதை அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்று நிறுத்துவோரும் உண்டு. ஊசி நின்றால் காய்ச்சல் திரும்பலாம். ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் சிதையும்.

ஆண் மருத்துவர் நெஞ்சைப் பரிசோதிப்பதற்குக் கூச்சப்பட்டே பல பெண்கள் நோயை வளரவிடுகின்றனர். பெண் மருத்துவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது, மஹ்ரமானவர் உடனிருக்க, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பரிசோதிப்பதை ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன.

அறுவை எப்போது? எந்த வால்வு?

கசிவு என்றதும் அறுவை என்று அஞ்ச வேண்டாம். இலேசான கசிவுக்குக் குறித்த காலத்தில் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டாலே போதும். பலர் அப்படியே முதுமை வரை நலமாக வாழ்கிறார்கள். கசிவு கடுமையாகி மூச்சிரைப்பு தோன்றினாலோ, தொல்லை ஏதுமின்றியே இதயம் விரிந்து தளரத் தொடங்கினாலோ வால்வை மாற்ற வேண்டும். "இன்னும் நடமாடத்தானே செய்கிறேன்" என்று காலம் தாழ்த்தினால், வால்வை மாற்றிய பிறகும் தளர்ந்த தசை முழுமையாக மீளாமல் போகலாம்.

செயற்கை வால்வின் வரலாறு கசியும் அயோர்ட்டிக் வால்விலிருந்தே தொடங்குகிறது. 1952இல் வாஷிங்டன் நகரில் சார்லஸ் ஹஃப்னேகல் என்னும் அறுவை மருத்துவர், கூண்டுக்குள் பந்து அமைந்த ஒரு வால்வை ஒரு பெண்ணின் பெருந்தமனியில் பொருத்தினார். இதயத்தைத் திறந்து வால்வை மாற்றும் வசதி அன்று இல்லாததால் இதயத்துக்கு அப்பால்தான் அதைப் பொருத்த முடிந்தது. 1960இல் இதயத்துக்குள்ளேயே பொருத்தும் காலம் பிறந்தது.

ஆனால் அயல்நாட்டு வால்வின் விலை நம் ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையிலான குழு, நம் நாட்டிலேயே வால்வு செய்ய முனைந்தது. முதலில் செய்த மாதிரிகள் தோற்றன. ஒன்றில் செயற்கை நீலக்கல்லால் ஆன வட்டு வைத்துப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. இறுதியில் உறுதியான உலோகக் கலவைச் சட்டமும், சாய்ந்து திறக்கும் பாலிஎதிலீன் வட்டும் கொண்ட வால்வு வெற்றி பெற்றது. 1990 டிசம்பர் 6ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து வழங்க, இதுவரை 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024இல் காலமானார். தோல்விகளுக்குப் பின்னும் விடாது முயன்ற அம்மனிதரின் உழைப்பால் எத்தனையோ ஏழை வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கிறது.

இத்தகைய உலோக வால்வு நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அதன்மேல் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் போன்ற மாத்திரை உட்கொள்ள வேண்டும், ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துவர வேண்டும். மற்றொரு வகை, விலங்குத் திசுவால் ஆனது. அதற்குப் பெரும்பாலும் வாழ்நாள் மாத்திரை தேவையில்லை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடலாம்; இளம் வயதினருக்கு இன்னும் விரைவில் கெடும்.

இங்கேதான் நம்மவர்களின் கேள்வி எழுகிறது. திசு வால்வுகளில் சில பன்றியின் இதய வால்விலிருந்தும், சில மாட்டின் இதய உறையிலிருந்தும் செய்யப்படுகின்றன. இது கூடுமா?

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜ் நூலில், முறிந்த எலும்பை இணைக்கத் தூய பொருள் கிடைக்காத நிலையில் நஜீஸான எலும்பால் இணைத்துக்கொண்டவர் மன்னிக்கப்பட்டவர் என்ற சட்டத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும் என்பது ஃபிக்ஹின் பொது விதி. எனவே முதலில் மருத்துவரிடம், "எந்த வால்வு? உலோகத்திலோ மாட்டுத் திசுவிலோ கிடைக்குமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும், கேள்வியே எழாது. வேறு வழியில்லை, உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் கூறும்போது பேணுதல் என்ற பெயரில் மறுத்து உயிரை மாய்த்துக்கொள்ள மார்க்கம் சொல்லவில்லை. மருத்துவ அறிக்கையுடன் உங்கள் மத்ஹபின் ஆலிமை அணுகித் தெளிவு பெறுங்கள். ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்கள் தம் தொழுகை கூடுமா என்று வஸ்வாஸில் உழல வேண்டியதில்லை.

இமாம் நவவீயின் காலத்திலேயே கெய்ரோவில் மருத்துவராகவும், ஷாஃபி ஃபிக்ஹு கற்பித்த ஆலிமாகவும் விளங்கினார் இப்னு நஃபீஸ் (ரஹ்). இதயத்தின் நடுச்சுவரில் துளையில்லை, வலப்புற இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் வருகிறது என்று ஐரோப்பியருக்கு முன்னரே எழுதியவர் அவர். மருத்துவ அறிவும் மார்க்க அறிவும் ஒரே மனிதரிடம் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தன. இன்று நாம் ஏன் அவற்றை முரண்படச் செய்ய வேண்டும்?

நோன்பும் மருந்தும்

மாத்திரையை ஸஹரிலும் இஃப்தாரிலும் பிரித்து உட்கொள்ள முடியுமா என்று ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள். நோன்பு வேண்டாம் என்று அவர் கூறினால் அல்லாஹ் நோயாளிக்கு வழங்கிய சலுகையை ஏற்றுக்கொள்ளுங்கள். குணமடைய வாய்ப்பிருந்தால் களா; தீராத நோயாயின் ஃபித்யா. உப்பு இதயத்தின் சுமையைக் கூட்டும். ஆகவே மூச்சிரைப்பு உள்ளவருக்கு நோன்புக் கஞ்சியிலும் உப்பு குறையட்டும். ஊறுகாயும் கருவாடும் விலகட்டும்.

வார்ஃபரின் உட்கொள்வோர் முருங்கைக் கீரை போன்றவற்றை ஒருநாள் நிறையவும் மறுவாரம் ஒன்றுமில்லாமலும் உண்ணாமல் ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். கருஞ்சீரகமோ நாட்டு மருந்தோ வலி மாத்திரையோ மருத்துவரிடம் கூறாமல் சேர்க்க வேண்டாம். ஹிஜாமா செய்துகொள்ளவும் வேண்டாம். இரத்தம் எளிதில் நிற்காது.

பல் ஈறிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து பழுதான வால்வில் குடியேறினால் உயிருக்கே ஆபத்து. மிஸ்வாக்கைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். வால்வு நோயாளிக்கு அந்த சுன்னத் இரட்டிப்பு நன்மை தருகிறது. செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்கும் முன் அதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும்.

நிகாஹில் மறைக்கலாமா?

இனி, குரலைத் தாழ்த்திச் சொல்லப்படும் அந்த விஷயத்துக்கு வருவோம். பெண்ணுக்கு வால்வில் கசிவு இருக்கிறது. வரன் வந்திருக்கிறது. "நிகாஹ் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் பெரியவர்கள்.

பிறகு நடப்பது என்ன? புகுந்த வீட்டில் தெரிந்துவிடும் என்று பெண் ஊசியை நிறுத்துகிறாள். மாத்திரையை ஒளித்து வைக்கிறாள். கருவுற்றதும் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடமும் கூறுவதில்லை. கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதி அளவு கூடுகிறது. இலேசான கசிவுள்ள பெண்கள் பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொண்டு நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் கசிவு கடுமையாகி இதயம் தளர்ந்திருந்தாலோ, மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தாலோ உயிருக்கு ஆபத்து. உலோக வால்வு பொருத்திய பெண்ணின் நிலை இன்னும் நுட்பமானது. வார்ஃபரின் முதல் மாதங்களில் கருவைப் பாதிக்கலாம். அதை நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறையலாம். கருவுறுவதற்கு முன்பே இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து திட்டமிட வேண்டிய காரியம் இது. கணவனுக்கே தெரியாதபோது யார் திட்டமிடுவது? மறைத்தவர்கள் அவளுடைய மானத்தைக் காக்க நினைத்தார்கள். உயிரைப் பணயம் வைத்தார்கள்.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்னும் ஸஹாபிப் பெண்மணி, தம்மை மணக்க விரும்பிய இருவரைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் மறைக்காமல் எடுத்துக் கூறி, வேறொருவரை மணக்குமாறு ஆலோசனை வழங்கினார்கள். இந்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. திருமண ஆலோசனையில் உள்ளதைக் கூறுவது புறமாகாது என்று உலமாக்கள் இதிலிருந்து விளக்கியிருக்கிறார்கள். ஊர் முழுக்கப் பறைசாற்ற வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கும் அவருடைய பெற்றோருக்கும் மட்டும், மருத்துவ அறிக்கையுடன் சொன்னால் போதும். அவர்கள் அதை அமானிதமாகக் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு சொல். தங்கள் மகனின் நோயை மறைத்துப் பெண் எடுப்பதும் இதே மோசடிதான். உண்மையைச் சொன்ன பெண் வீட்டாரை இகழ்ந்து பேசினால் அடுத்த வீட்டார் உண்மை சொல்ல அஞ்சுவார்கள். "என் மருமகளுக்கு 21 நாளைக்கு ஒருமுறை நானே ஊசிக்கு அழைத்துப் போகிறேன்" என்று சொல்லும் ஒரு மாமியார், நூறு பயான்கள் செய்ய முடியாததைச் செய்துவிடுவார்.

ஜமாஅத் செய்ய வேண்டியது

ஜும்ஆ முடிந்ததும் மருத்துவர் கடிதத்தைக் கையில் ஏந்திப் பள்ளிவாசல் வாயிலில் உதவி கேட்டு நிற்போரை நாம் காண்கிறோம். உதவுவது நன்மையே. ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. வால்வு அறுவையும் அதில் அடங்கும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். அறுவைக்கு நாள் குறித்த பிறகு அலைவதைவிட, இன்றே அட்டை பெற்று வைப்பது அறிவுடைமை.

பரிசோதனைக்குக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலை நகரில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021இல் அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. இதய அறுவைக்குப் புதுச்சேரி ஜிப்மர் நமக்கு அருகிலேயே உள்ளது. ஒவ்வொரு ஜமாஅத்தும் படித்த இளைஞர் இருவரை இதற்கென நியமித்து, விண்ணப்பம் நிரப்பவும், நோயாளியுடன் துணைக்குச் செல்லவும், 21 நாள் ஊசியை நினைவூட்டவும் செய்தால் போதும். பைத்துல்மாலிலிருந்து பேருந்துக் கட்டணமும் ஐ.என்.ஆர். பரிசோதனைச் செலவும் கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகள் பிழைப்பார்கள்.

நோய் இறைவனின் சோதனை. அதில் வெட்கத்துக்கு இடமில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மருத்துவரிடமும், மணக்கப் போகிறவரிடமும் உண்மையைச் சொல்வது அந்த மருத்துவத்தின் முதல் படியாகும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உள்ளங்களையும் உடல்களையும் பாதுகாப்பானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.